கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதி: நாமும் கேட்கலாமா?

பக்கத்து ஊர்த் தொழிற்சாலை அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தந்தால் “முதலாளி நல்ல மனுஷர்” என்கிறோம். நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு இது 2014 ஏப்ரல் 1 முதல் சட்டக் கடமையும்கூட. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபம் 8, 10, 12 கோடி என்று இருந்தால் சராசரி 10 கோடி. அதில் 2 சதவீதம் 20 லட்சம்.

ஆரம்பத்தில் இந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. செலவு செய்யாத கம்பெனி, ஆண்டறிக்கையில் ஒரு காரணம் எழுதினால் போதும். 2021 ஜனவரியில் அது மாறியது. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கான பணம் மிஞ்சினால் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்க வேண்டும். மற்றபடி மிஞ்சியது, ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அபராதம் உண்டு.

இது கம்பெனியின் ஜகாத்தா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. இது லாபத்தின் மீது அரசு வைத்த கடமை. கம்பெனி இதைச் செலவழித்துவிட்டதால், அதில் பங்கு வைத்திருக்கும் முஸ்லிமின் ஜகாத் நிறைவேறிவிடாது.

எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்கிறது. யாருக்கு என்பதைக் கம்பெனியின் இயக்குநர்கள் முடிவு செய்கிறார்கள். பசி, மருத்துவம், குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி, பெண்கள் விடுதி, குடிசைப் பகுதி மேம்பாடு என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பட்டியல் உண்டு. தொழுகைக்கான கட்டடமோ, கோயிலோ, தேவாலயமோ அதில் இல்லை. கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதை வைத்து யாரும் உரிமை கோர முடியாது. அதனால் தொழிற்சாலைகள் நிறைந்த மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களுக்கே பணம் அதிகம் போகிறது. ஆலை இல்லாத ஊரின் ஏழைக்கு இந்தச் சட்டம் பெரிதாக உதவவில்லை என்பதே நமது கருத்து.

நமது சமுதாய அமைப்புகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் வேறு. கம்பெனியிடம் நிதி பெற்று வேலை செய்யும் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரிப் பதிவுகளும், அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் பொதுவாகத் தேவை. 2021 ஏப்ரல் முதல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் பதிவும் செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட மதத்தவரின் நன்மைக்காக மட்டும் என்று சொல்லும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. பெரியவர்கள் அந்தக் காலத்தில் நல்ல எண்ணத்தோடு பத்திரத்தில் எழுதி வைத்த “முஸ்லிம்களின் நலனுக்காக” என்ற ஒரு வரி இன்று கதவை அடைத்துவிடுகிறது. நடைமுறையிலோ ஜமாஅத் நடத்தும் மருந்தகத்துக்கு எல்லாச் சமூகத்தாரும்தான் வருகிறார்கள்!

வக்ஃபின் நோக்கத்தை நாமாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் எல்லோருக்கும் பொதுவான தனி அறக்கட்டளை தொடங்குவதே சரியான வழி என்று நினைக்கிறோம். ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கேட்டுச் செய்யுங்கள். “சி.எஸ்.ஆர். வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கம்பெனிகள் தமது சி.எஸ்.ஆர். கொள்கையையும் திட்டங்களையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நம் மாவட்டக் கம்பெனிகள் எதற்குச் செலவு செய்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் தேவையையும் எழுதி அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். “பெண்பிள்ளைகள் படிக்கச் சிரமப்படுகிறார்கள்” என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேர், எந்த வகுப்பு, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று எழுதுங்கள்.