கிளட்ச் போனால் பழி யார் மேல்?



"தம்பி, கிளட்சை நான் கருக்கிட்டேனாம். சம்பளத்துல பிடிக்கப் போறாங்களாம்."

குலை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் சங்கக் கிளைக்கு வந்து இப்படிச் சொன்னார். முப்பது வருஷம் ஸ்டேரிங் பிடித்த கை. அன்று அந்தக் கை நடுங்கியது.

நடந்தது இதுதான். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது கியர் மாற்ற மிதித்திருக்கிறார். பெடல் தரையோடு போய்விட்டது, திரும்பி எழவில்லை. மனுசன் பதறவில்லை. பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து வண்டியை நிறுத்திவிட்டார். ஆபீசில் அதற்கு நன்றி சொல்ல ஆளில்லை. "பெடல் மேலேயே காலை வெச்சு ஓட்டி பிளேட்டைத் தீய்ச்சிட்டான்" என்று ஒரே பேச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

அடியேன் தோட்டப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, சில வருஷம் லோரிப் பட்டறையில் எடுபிடியாக இருந்தவன். "அண்ணே, வாங்க, வண்டியையே கேட்போம்" என்று கிளம்பினேன்.

பிளேட் தேய்ந்தாலோ தீய்ந்தாலோ வண்டி வேறு மாதிரி பேசும். மேட்டில் எஞ்சின் கத்தும், லோரி ஏறாது, கருகல் வாடை அடிக்கும். ஆனால் பெடல் மிதித்தால் மேலே வரும். பெடல் தரையோடு போய்க் கிடந்தால், எண்ணெயில் ஓடும் கிளட்சில் முதலில் பார்க்க வேண்டியது பிளேட்டை அல்ல, பம்பைத்தான். பெடல் பக்கம் ஒரு மேல் பம்பு, கியர் பெட்டிப் பக்கம் ஒரு கீழ்ப் பம்பு. நடுவில் குழாயில் பிரேக் எண்ணெய். நாம் மிதிக்கும் பலத்தை அந்த எண்ணெய்தான் கீழே கொண்டு போகிறது.

பார்க்க வேண்டிய வரிசை இது:

1. எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. எண்ணெய் ஆவியாகிப் போகாது. சில வண்டிகளில் பிரேக்குக்கும் இதே டப்பாதான். அப்படியானால் அந்த வண்டியை நகர்த்தவே கூடாது.

2. பெடல் தண்டு போகும் இடத்தில் ஈரமா? மேல் பம்பு ஒழுகுகிறது.

3. கீழ்ப் பம்பின் ரப்பர் உறையை விலக்குங்கள். உள்ளே எண்ணெய் நின்றால் கீழ்ப் பம்பு ரப்பர் போய்விட்டது.

4. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? மேல் பம்பின் உள்ரப்பர் மீது சந்தேகப்படுங்கள்.

5. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் கிளட்ச் பிடிபடுகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

அண்ணன் வண்டியில் கீழ்ப் பம்பின் உறையை விலக்கியதும் எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. மறுநாள் மெக்கானிக் ரப்பரை மாற்றினார். பம்பின் உட்சுவரில் கீறல் இல்லை. இருந்தால் பம்பையே மாற்ற வேண்டும். பிறகு காற்றை எடுத்தோம்.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழ்ப் பம்பு நிப்பிளைத் திறக்க வேண்டும். எண்ணெயும் குமிழியும் வந்ததும் நிப்பிளை மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே. நடுவில் டப்பா வற்றினால் மறுபடியும் காற்று புகும். மூடியில் குறித்திருக்கும் ரகத்தையே, புது டின்னிலிருந்து ஊற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பெடல் கெட்டியாக எழுந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அதே பிளேட்டோடு லோரி மேடு ஏறியதை ஆபீஸ் ஆட்களும் பார்த்தார்கள். சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் அண்ணன் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உறைத்தது. "ரெண்டு வாரமா எண்ணெய் குறையுது தம்பி. நானே ஊத்திக்கிட்டேன். மண்டோர்கிட்ட வாயால சொன்னேன்." வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? மண்டோர் மறந்துவிட்டால் பழி அண்ணன் தலையில்தானே!

ஆகவே டிரைவர் தோழர்களே, ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, வண்டி எண், என்ன கோளாறு, யாரிடம் சொன்னீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். ஒரு நகலை ஆபீசில் கொடுத்துக் கையெழுத்துக் கேளுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

சட்டமும் நம் பக்கம் உண்டு. வண்டியைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணத்தோடு நிர்வாகத்துக்குத் தெரிவித்தும் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் தெரிவித்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நோட்டின் அருமை அங்கேதான் தெரியும். சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. ஓடித் தேய்ந்த பிளேட்டின் விலை அந்தப் பட்டியலில் இல்லை.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். பெடலில் காலை ஊன்றியபடி ஓட்டுவதும், மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் பிளேட்டைத் தின்னும். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

அந்த அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். லோரியை மகன் ஓட்டுகிறான். சட்டைப் பையில் நோட்டு இருக்கிறது.