மேட்டு மண்ணும் பள்ளத்து நீரும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் பிறந்து மிஸிஸிப்பி நதியில் கலந்துவிடும் கூன் கிரீக் என்னும் ஓடை, நீளத்தாலோ அகலத்தாலோ பூகோளப் புத்தகத்தில் இடம்பெறத் தக்கதன்று. ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு போவதோடு அதன் காரியம் முடிந்துவிடுகிறது. ஆயினும், விவசாயத்தால் மண் அழிவதையும் அம்மண்ணால் நீர் கெடுவதையும் ஆராய்வோர் இன்றளவும் அந்த ஓடையையே திரும்பத் திரும்ப நாடிச் செல்கிறார்கள். ஏனெனில், ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே நிலமாகப் பாவித்து மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசாங்கம் முதன்முதலில் முயன்றது, 1933-ஆம் ஆண்டில், அங்கேதான்.

பனியுகத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியைத் தேய்த்துச் சமப்படுத்திய பனிப்பாளங்கள் அப்பிரதேசத்தை மட்டும் தொடாமல் விட்டமையால், உயர்ந்த முகடுகளும் செங்குத்தான சரிவுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் அங்கே அப்படியே தங்கிவிட்டன. அவற்றின்மீது காற்றுக் கொணர்ந்து படியவைத்த நுண்ணிய தூள்மண் வளத்தில் சிறந்தது. நீரோடு போய்விடுவதிலும் அவ்வளவு எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்து குடியேறியவர்கள், பெரும்பாலும் நார்வே நாட்டார், முதலில் கோதுமை விளைத்தார்கள். பிறகு பால்மாடுகளை நம்பினார்கள். அளவையாளர் சதுரம் சதுரமாக வகுத்துக் கொடுத்த நிலத்தை, மலையின் வளைவு நெளிவுகளைக் கருதாமல், அந்தச் சதுரத்தின் விளிம்பை ஒட்டியே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக உழுதார்கள். உழ முடியாத செங்குத்துக் காடுகளில் மாடுகளை மேயவிட்டார்கள். 1920களிலும் 1930களிலும் சரிவுகளில் பெரும் பிளவுகள் திறந்தன. கீழ்ப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வீதம் வண்டல் ஏறி, வேலிக்கம்பங்களே மண்ணுக்குள் மறையலாயின.

இவ்வழிவு வெள்ளத்தில் தொடங்குவதாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மழைத்துளியில் தொடங்குகிறது. கனமழையின் பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வெறும் நிலத்தின்மீது விழும்போது, வேரும் மக்கும் சேர்த்துக் கட்டிவைத்திருந்த மண்கட்டி சிதறுகிறது. சிதறிய நுண்துகள் நிலத்தின் துவாரங்களில் புகுந்து அவற்றை அடைத்துவிடுகிறது. அடைபட்ட நிலம் அடுத்த துளியைக் குடிக்க மறுக்கிறது. குடிக்கப்படாத நீர் சரிவில் இறங்கி, வேகம் கூடக் கூடத் தன் சுமக்கும் சக்தியும் பன்மடங்கு பெருகியதாய், வழியிலுள்ள மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. ஆகவே நிலத்தின்மீது ஒரு போர்வை இருப்பது, அது உயிர்ப் பயிராயினும் அறுவடைக்குப் பின் விட்ட தாளாயினும், எந்தத் தடுப்புச் சுவரையும்விட முதன்மையான காப்பாகும். கரையில் சுவரெழுப்புவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதனாலேயே அதற்குப் பணமும் புகழும் எளிதில் சேர்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை அமெரிக்காவில் ஓயாது எடுத்துச் சொன்னவர் ஹியூ ஹாமண்ட் பென்னெட். 1905-இல் வர்ஜீனியாவின் லூயிசா வட்டாரத்தில் மண் அளவைக்குச் சென்றிருந்த அவர், அருகருகே கிடந்த இரு நிலங்களைக் கண்டார்: காட்டு நிலத்தில் மண் ஈரமும் மென்மையும் உடையதாயிருக்க, உழுத நிலத்தில் களிமண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பிளவு ஒன்றும் இல்லாமலே, தகடு தகடாக, பார்ப்பவர் அறியாமல் மேல்மண் கழன்று போயிருந்தது. 1928-இல் மண்ணரிப்பைத் தேசிய அபாயமென்று அறிவிக்கும் சிறு நூல் ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். 1933-இல் புதிதாக அமைந்த மண்ணரிப்புச் சேவையின் தலைவரானார். 1935 ஏப்ரலில், புழுதிப்புயல்கள் நாட்டையே கலக்கிக்கொண்டிருந்த சமயத்தில், மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

கூன் கிரீக்கில் நடந்தது என்ன? லா கிராஸ் நகரை ஒட்டிய பரிசோதனை நிலையத்தில் கற்ற பாடங்களைக்கொண்டு, அரசாங்க நிபுணர்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனித் திட்டம் வரைந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தைத் தொடர்ந்து செல்லும் வளைகோடுகளில் உழவு. அந்த வளைவிலேயே ஒரு பட்டை மக்காச்சோளம், அடுத்த பட்டை ஓட்ஸ், அதற்கடுத்தது குதிரைமசால் என்று மாற்றி மாற்றிப் பயிர். மக்காச்சோளப் பட்டையிலிருந்து நழுவிவரும் மண்ணை, அடர்ந்த குதிரைமசால் பட்டை தடுத்து நிறுத்திவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டைகள் இடம் மாறி வரும். நீர் திரண்டு இறங்கும் தாழ்வான இடங்களை உழாமல் புல்லுக்கே விட்டுவிட்டார்கள். செங்குத்துக் காடுகளுக்கு வேலியிட்டு மாடுகளை விலக்கினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட விவசாயிக்குச் சுண்ணாம்பும் உரமும் விதையும் அரசாங்கம் தந்தது. வேலைக்கு, வேலையில்லா இளைஞர்களின் முகாம் ஒன்று பள்ளத்தாக்கிலேயே அமைந்தது. அப்பகுதியின் குடியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கையொப்பமிட்டனர். வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் ஆலோசகராக வந்து, வேலி ஓரத்துப் புதரும் பறவையும்கூடத் திட்டத்தில் இடம்பெற வேண்டுமென்று வற்புறுத்தினார். இதில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று: மாட்டுக்குத் தீவனம் தேவை, ஆகவே புல்லும் குதிரைமசாலும் நிலத்தைக் காக்கும் போர்வையாக மட்டுமன்றிப் பாலாகவும் மாறின. உபதேசத்தால் நடவாதது ஆதாயத்தால் நடந்தது.

வயலில் பயன் விரைவில் தெரிந்தது. ஆற்றில்? இங்கேதான் கதை விசித்திரமாகிறது. ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் புவியியலாளர், 1853 முதலான காலத்துக்குக் கணக்கெடுத்து, மேட்டில் எவ்வளவு மண் கழன்றது, பள்ளத்தாக்கில் எவ்வளவு தங்கியது, மிஸிஸிப்பிக்கு எவ்வளவு போயிற்று என்று வரவு செலவு போலப் பதிவு செய்தார். 1981-லும் 1999-லும் அவர் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது: பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் 1930களில் இருந்ததில் ஏறத்தாழ 6 சதவீதமாகக் குறைந்துவிட்டபோதிலும், பெருநதியில் போய்ச் சேர்ந்த வண்டலின் அளவு அத்தனை காலமும் பெரிதும் மாறாமலே இருந்தது. அரிப்பு மிக்க காலத்தில் மண்ணின் பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிட்டது. அரிப்பு குறைந்த காலத்தில், தங்கிய மண்ணை ஓடை தன் கரையிலிருந்து மெல்லக் கொறித்து எடுத்துச் சென்றது. ஆற்றின் முகத்துவாரத்தில் மட்டும் நீரை மொண்டு பார்த்து, மேட்டில் செய்த வேலை வீணென்று தீர்ப்புச் சொல்பவர், தாத்தாவின் கடனைப் பேரன் அடைப்பதைக் கண்டு, பேரனே கடனாளி என்று சொல்பவரைப் போன்றவர்.

நீரின் நலம் வேறு வழிகளிலும் வெளிப்பட்டது. நிலம் மழையைக் குடிக்கத் தொடங்கியதும் ஊற்றுகள் வலுத்தன. வெள்ளத்தின் உச்சம் தணிந்து, கோடையில் ஓடையின் ஓட்டம் கூடியது. பூமிக்கடியிலிருந்து வரும் அந்தக் குளிர்ந்த நீரில், ஒரு காலத்தில் சேற்றாலும் வெப்பத்தாலும் மறைந்துபோன டிரவுட் மீன் மீண்டும் வாழலாயிற்று. இன்று அம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கவே வெளியூரார் அந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள்.

ஆயினும், மண்ணைக் காத்தால் நீர் தானாகவே காக்கப்படும் என்று முடிவு கட்டுவது அவசரம். மண்துகளோடு ஒட்டிச் செல்லும் பாஸ்பரஸை மூடாக்கும் புல்லும் தடுக்கும். நீரில் கரைந்துபோன நைட்ரேட்டை அவை தடுக்கமாட்டா. நிலம் எவ்வளவு நீரைக் குடிக்கிறதோ அவ்வளவுக்கு, மிதமிஞ்சி இட்ட உரமும் நிலத்தடிக்கு இறங்க வழியுண்டு. அயோவாவில் டெ மாய்ன் நகரத்துக் குடிநீர் நிறுவனம், வயலடியில் பதித்த வடிகால் குழாய்களால் ஆற்றுக்கு வரும் நைட்ரேட்டை நீக்கத் தனி ஆலையே நடத்த வேண்டியிருந்தது. இது குறித்து 2015-இல் அது தொடுத்த வழக்கு 2017-இல் தள்ளுபடியாயிற்று. ஈரி ஏரியைச் சூழ்ந்த வயல்களில் உழாமலே விதைக்கும் முறை பரவியபோது மண்ணிழப்பு குறைந்தது. ஆனால் உரத்தை மேலே தூவி, உழுது கலக்காமல் விட்ட இடங்களில், பாஸ்பரஸ் மேற்பரப்பிலேயே திரண்டு, மழைநீரில் கரைந்து ஏரியைச் சேர்ந்ததும் உண்டு. 1990களின் நடுப்பகுதி முதல் அங்கே கரைந்த பாஸ்பரஸ் கூடியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. 2014 ஆகஸ்டில் அவ்வேரியில் நச்சுப் பாசி பெருகி, டொலிடோ நகரத்தைச் சார்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் குழாய்நீரைக் குடிக்கலாகாது என்று அறிவிக்க நேர்ந்தது. மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவே உரமிடுவதும், அதை மேலே தூவாமல் மண்ணுக்குள் செலுத்துவதும், பனிக்காலத்தில் ரை தானியம் போன்ற மூடுபயிரை வளர்த்து மிச்ச நைட்ரேட்டை உறிஞ்சவிடுவதும் இதற்கான பரிகாரங்கள். இவற்றில் ஒன்றும் சரிவுக்குக் குறுக்கே உழுவதுபோல் கண்ணுக்கு அழகாய் இராது.

கூன் கிரீக்கிலும் காரியம் முடிந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டு இறுதியில் பெய்த பேய்மழையில், அந்த ஓடையின் மேற்பகுதியில் வெள்ளத் தடுப்புக்கென்று கட்டியிருந்த சிற்றணைகளில் மூன்று உடைந்தன. அண்டை நீர்ப்பிடிப்பில் இரண்டு. அணைகள் உடைந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அவற்றுக்கு மேலே நிகழும் மாறுதல் அவ்வளவாக வரவில்லை. விஸ்கான்சினில் 2000களின் தொடக்கத்தில் பதினையாயிரத்துக்கு மேலிருந்த பால்பண்ணைகள் 2023-இல் ஆறாயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டன. மாடு விற்றவனுக்குக் குதிரைமசால் வேண்டுவதில்லை. வளைபட்டையில் திரும்பமுடியாத பெரிய இயந்திரமோ, நேரான நீண்ட வயலையே வேண்டுகிறது. ஆகவே, பட்டைகளை அழித்துச் சரிவு முழுதும் மக்காச்சோளமும் சோயாவும் விதைக்கும் குடியானவனைக் குறைகூறுவதற்கு முன், அவனிடம் புல்லை விலைக்கு வாங்குவோர் யார் என்ற கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும்.