காஞ்சிக்குத் திரும்பும் பிள்ளைகள்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்.) முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயனில் தங்கிவிட, மற்ற இருவரும் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் போய்விட்டார்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் புறப்பட்ட இடம் காஞ்சிதான்.

இப்போது பெரியண்ணன் வழிப் பிள்ளைகளில் சிலர் அந்தப் பாதையிலேயே திரும்பிப் போகிறார்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, அவர்கள் தேடிப் போகும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ-நிசான் வந்தது, 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகளைச் சேர்த்தால் கணக்கு நீளும்.

மலையின் காப்பித் தோட்டத்துக்கும் கார் தொழிற்சாலைக்கும் நடுவே உள்ள முதல் படி ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையம். வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், டர்னர், மோட்டார் மெக்கானிக் என்றால் பத்தாம் வகுப்பு வேண்டும். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணானால் 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் சேரும். 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே ஆயிரம். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

சைக்கிளை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. சேர்வராயன் மலைக் கிராமத்துப் பையன் அதை எங்கே ஓட்டுவான்? அவனுடைய ஐடிஐ சேலம் அய்யந்திருமாளிகையில் இருக்கிறது. பழங்குடியினருக்கென்றே ஒரு அரசு ஐடிஐ இதே மாவட்டத்தில் கருமந்துறையில் இருக்கிறது. ஆனால் அது கல்வராயன் மலை. இந்த மலையிலிருந்து இறங்கி, வாழப்பாடி பக்கமாகப் போய், இன்னொரு மலை ஏற வேண்டும். விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மிளகு பறிப்பு என்றுதான் பல வீடுகளில் முடிவாகிறது.

ஐடிஐக்குள் போனவன் என்ன கற்கிறான்? வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஃபிட்டர் பயிற்சி ஏமாற்றமாக இருக்கும். எஞ்சினும் இல்லை, காரும் இல்லை. பெஞ்ச் வைஸில் ஒரு இரும்புத் துண்டு, கையில் அரம். அராவு, அராவு, அராவு. பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இரும்புக்கும் மூலைமட்டத்துக்கும் இடையே ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தால் மறுபடி அராவ வேண்டும். வாரக்கணக்கில் இதே வேலை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போகும். ஒரு துண்டில் வெட்டிய பள்ளத்துக்குள் இன்னொரு துண்டின் மேடு அசையாமல் உட்கார வேண்டும். வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கைப் படித்துச் சொல்ல வேண்டும்.

ரோபோ வெல்டிங் செய்யும் காலத்தில் அரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரத்தைப் பிடித்த கைக்கு இரும்பு எங்கே விட்டுக்கொடுக்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரிந்திருக்கும். திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பாமல் சந்தேகப்படவும் அந்தக் கைக்குத்தான் வரும். எனக்கு இதில் பழைய வாத்தியார்கள் பக்கம்தான்.

கார் தொழிற்சாலைக்குள் போனதும் கதை வேறு. அங்கே புதிதாகச் சேர்ந்தவனை நேரே லைனில் நிறுத்த மாட்டார்கள். பல கம்பெனிகளில் 'டோஜோ' என்று ஒரு பயிற்சிக் கூடம் இருக்கும். ஜப்பானியர் தற்காப்புக் கலை பழகும் இடத்துக்கு வைத்த பெயர் அது. குனியாமல் போல்ட் எடுப்பது, நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குவது, டார்க் ரெஞ்சின் 'க்ளிக்' கேட்டதும் கையை நிறுத்துவது, எல்லாவற்றையும் கடிகாரத்தை வைத்துப் பழக்குவார்கள். பிறகு லைன். சுவரில் பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் நேரே நாலு பாகமாகப் பிரித்த ஒரு வட்டம். கற்கத் தொடங்கியவனுக்குக் கால் வட்டம் கறுப்பு. பிறருக்குக் கற்றுத் தரும் அளவுக்கு வந்தவனுக்கு முழு வட்டம்.

அந்த வட்டம் நேர்மையானது. அதற்கு வெளியேதான் சிக்கல்.

தொழிற்பேட்டையில் 'ட்ரெயினிங்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, கற்பது. இன்னொன்று, குறைந்த காசுக்கு வேலை பார்ப்பது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி அல்ல, கற்பவர். அவருக்குக் கூலி கிடையாது, உதவித்தொகைதான். கற்கிற காலத்துக்கு அது நியாயம். 2019-இல் விதிகளைத் திருத்தி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் 'நீம்' என்று ஒரு திட்டம் 2013-இல் வந்தது. மூன்று ஆண்டு வரை பயிற்சி, அன்ஸ்கில்டு குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகை, தொழிலாளி என்ற அந்தஸ்து மட்டும் கிடையாது. மூன்று ஆண்டு தேவைப்படும் வேலை லைனில் எத்தனை இருக்கும்? முழு வட்டம் கறுத்தவனையும் 'ட்ரெயினி' என்றே அழைக்க இது வழி செய்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆனால் வேறு வேறு பெயர்களில் வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் காரே மாறுகிறது. தமிழக அரசு 2022-இல் டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கத் தொடங்கியது. ரோபோ, சிஎன்சி, மின்வாகனப் பிரிவுகள் வந்தன. மின்வாகனம் படிப்பவன் முதலில் ஆரஞ்சு நிறத்துக்குப் பயப்படக் கற்க வேண்டும். அந்த நிறக் கேபிளில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். ரப்பர் கையுறை போட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, மீட்டர் வைத்துச் சுழியம் பார்த்த பிறகே தொட வேண்டும். பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட் என்று பாதி வாழ்க்கையைச் செலவழித்துக் கற்றவருக்கு அந்த வண்டியில் தெரிந்த முகமே இல்லை.

பக்கத்து நாமக்கல்லையும் பார்க்க வேண்டும். லாரிக்கு பாடி கட்டிக் கொடுத்த பட்டறைகளில் டோஜோ இல்லை, சுவரில் வட்டமும் இல்லை. டிங்கர், பெயின்டர், தச்சர் என்று மேஸ்திரியின் பின்னால் நின்றே பையன்கள் தொழில் கற்றார்கள். 2025-இல் புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்றாகிவிட்டது. கேபின் கம்பெனியிலேயே முழுதாக முடிந்து வந்தால் பட்டறைக்கு மிஞ்சுவது பின்பக்கம்தான். சான்றிதழ் இல்லாத அந்தக் கைகளைச் சோதித்துச் சான்று தர மத்திய அரசிடம் திட்டம் இருக்கிறது. சர்க்கார் காகிதம் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பதுதான் அபூர்வம்.

மலையிலும் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் நடு அறுவடையில் நின்றுபோனால் சேலத்திலிருந்து ஆள் வரும்வரை பழம் காத்திருக்காது. புளித்துவிடும். அங்கேயே ஒருவர் பிரித்து, பழுது பார்த்து ஓட்டிவிடுவார். எஸ்டேட்டுப் பழைய ஜீப்புகள் இன்னும் சரிவில் ஏறுவதும் அப்படித்தான். ஒரு கார் கம்பெனியின் பட்டியலிலும் இவர்களுக்குக் கால் வட்டம்கூடக் கிடையாது. பயிற்சிக்கூடத்தை மலைக்கே கொண்டுவர நினைப்பவர்கள் வாத்தியார் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. ஒரகடத்திலும் ஓசூரிலும் இருப்பவர்கள் லீவு சொல்லிவிட்டு மலையேறுவார்கள். கம்பெனி டி-ஷர்ட்டோடு வந்து நிற்பவனிடம் பெரியவர்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தை அல்ல.

"ஏந் தம்பி, பர்மனன்ட் பண்ணிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க பெரியப்பா. ட்ரெயினிங்லதான் இருக்கேன்."

"போன வருசமும் அதத்தான சொன்ன?"