ஏட்டில் இல்லாப் பதவிகள்

'நேஷன்ஸ்டேட்ஸ்' என்பது ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மாக்ஸ் பாரி 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இணைய விளையாட்டு. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை ஆள்வர். நாடுகள் பல கூடியது வட்டாரம் எனப்படும். வட்டார ஆட்சிக்கென விளையாட்டின் விதிகள் நெடுங்காலம் ஏற்ற பதவிகள் இரண்டே: ஒன்று நிறுவியவர், மற்றொன்று, உலகப் பேரவையில் சேர்ந்த நாடுகளின் ஒப்புதலால் அமையும் பேராளர்.

வட்டாரத்தார் இவ்விரண்டோடு அமையவில்லை. தாமே அரசியற் சட்டம் வகுத்து, அமைச்சர், நடுவர், அவைத்தலைவர் முதலிய பதவிகளைப் படைத்துக்கொண்டனர். இவர்தம் ஆணையை விளையாட்டின் பொறியமைப்பு அறியாது. ஆடுவோரே மதித்து நடப்பர். ஆகவே இப்பதவிகளுக்கு அடிப்படை உடன்பாடு ஒன்றே என்க.

அவ்வுடன்பாட்டை மீறுவார் உளராயின் என்னாம்? நாடுகளை வட்டாரத்தினின்று வெளியேற்றும் ஆற்றல் பேராளர்க்கு உண்டு. அவர் சட்டத்தைப் புறக்கணித்து ஆட்சியைக் கைப்பற்றிய நிகழ்ச்சிகளும் உள. நடுவரின் தீர்ப்பு அவரைத் தடுக்க வல்லதன்று. எனினும் அவர் பதவியும் பிறர் ஒப்புதலால் வந்ததே. போதிய நாடுகள் அதனை மீட்டுக்கொண்டு வேறொருவர்க்கு அளிப்பின் அவர் நீங்குவர். அங்ஙனம் ஒன்றுபடுவதற்குரிய காரணத்தை நல்குவது நடுவரின் தீர்ப்பே.

பின்னாளில் விளையாட்டே வட்டார அலுவலர் பதவியை ஏற்று, அதற்குப் பெயரிடும் உரிமையும் வழங்கியது. வழக்கு முந்த, விதி பிந்தியது என்பதை இதனால் நாம் தெளியலாம்.