மூக்கில் ஒரு குச்சி, கையில் ஒரு சீட்டு

“ஏங் கண்ணு, நாப்பத்தெட்டு மணி நேரம்னு சொல்றாங்களே, அது எப்பத்திலிருந்து?”

2021-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், அடுத்த வீட்டுப் பெரியம்மா காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். கையில் ஒரு காகிதம். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம். வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அவருக்கு விமானம். கொச்சி நெடும்பாசேரியிலிருந்து துபாய்க்கு. அப்போது கோயமுத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்குத்தான் விமானம் இருந்தது. துபாய்க்கு நேரே இருக்கவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம்.

தலைப்பிரசவத்துக்கு மகள்தானே தாய் வீட்டுக்கு வர வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வருஷம் ஏப்ரல் 25 முதல் ஆகஸ்ட் வரையில் இந்தியாவிலிருந்து வருகிற பிரயாணிகளை ஐக்கிய அரபு நாடுகள் உள்ளே விடவில்லை. மகள் இங்கே வந்திருந்தால் திரும்பிப் போவது எப்போதோ என்ற பயம். கதவு திறந்த பிறகு டிக்கெட் எடுக்கலாம் என்று மாப்பிள்ளை முனைந்தபோது எட்டாம் மாதம் தாண்டிவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணிகளை விமானக் கம்பெனிகள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆகவே தாய் வீடே மகளைத் தேடிப் புறப்பட்டது.

“நான் போவாம வேற யாரு கண்ணு போவா?” என்றார் பெரியம்மா. அதற்கு மறுபேச்சு ஏது?

பெட்டி பத்து நாளாகத் தயார். பிரசவ லேகியம், பத்தியப் பொடி, உரை மருந்து, வெளுத்து மடித்த பழைய வேட்டித் துணி. (மசாலாச் சாமான்களில் கசகசா இருக்கிறதா என்று மட்டும் நான் விசாரித்தேன். இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். துபாயில் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்காகச் சுங்க அதிகாரியிடம் கைகட்டி நிற்பானேன்?)

அவர் கையிலிருந்த காகிதம் கொரோனாப் பரிசோதனை ரிப்போர்ட். ‘நெகடிவ்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் வந்தது புதன் காலை பதினோரு மணிக்கு. பதினோரு மணியிலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டு மணி நேரம் வெள்ளி காலை பதினோரு மணிக்கு முடிகிறது, விமானம் நாலரைக்கே கிளம்பிவிடும், கணக்குச் சரி. பெரியம்மா அப்படித்தான் எண்ணியிருந்தார்.

ஆனால் துபாய்க்காரர்கள் எண்ணியது ரிப்போர்ட் நேரத்திலிருந்து அல்ல. சளி எடுத்த நேரத்திலிருந்து. அந்தக் கணக்கில் சீட்டின் ஆயுள் வியாழன் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிந்துவிட்டது! ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இரண்டு நேரமும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. அதை யார் படிக்கிறார்கள்? ‘நெகடிவ்’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் கண் நின்றுவிடுகிறது.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ரிப்போர்ட்டில் இனிஷியல் போட்ட பெயர். பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் விரிந்து, கணவர் பெயர் முழுசாக நிற்கிறது. நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஏற்பட்ட தொல்லை இது. தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ ஓரெழுத்தில் அடக்கிவிடுவது நமக்குச் சகஜம்; அயல்நாட்டு அதிகாரிக்கு அந்த ஓரெழுத்துக்காரி வேறொரு ஸ்திரீ.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பாஸ்போர்ட்டும் கையுமாகப் போய் மறுபடியும் சளி கொடுத்துவிட்டு வந்தார். வியாழன் மத்தியானத்துக்குள் புதுச் சீட்டு வந்தது. மறுபடியும் நெகடிவ்.

இந்த நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு என்ற கணக்கெல்லாம் எதற்காக ஏற்பட்டவை என்று பலருக்கு அப்போது கோபம். காரணம் சாதாரணமானதுதான். கொரோனாக் கிருமி உடம்பில் நுழைந்த அன்றைக்கே பரிசோதனையில் அகப்படாது. அது பெருகி மூக்கிலும் தொண்டையிலும் தெரிவதற்குச் சில நாள் பிடிக்கும். நேற்றுத் தொற்றியவருக்கு இன்று பார்த்தால் நெகடிவ். மூன்றாம் நாள் பார்த்தால் பாசிடிவ். ஆகவே அந்தச் சீட்டு, ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ மாதிரி. அந்த நிமிஷத்தில் முகம் எப்படி இருந்தது என்றுதான் அது சொல்லும். போட்டோ பழசாகப் பழசாக அதன் பேரில் நம்பிக்கை குறைகிறது. எவ்வளவு பழைய போட்டோவை ஒப்புக்கொள்வது என்பதை அந்தந்த தேசம் தன் பயத்துக்குத் தக்கபடி முடிவு செய்தது.

அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் மூன்று நாளுக்குள் எடுத்த பரிசோதனையைக் கேட்டது. ஓமிக்ரான் வந்ததும் டிசம்பர் 6 முதல் அதை ஒரே நாளாகக் குறைத்தது. இங்கே ஒரு சூட்சுமம்: அவர்கள் எண்ணியது மணியை அல்ல, நாளை. வெள்ளிக்கிழமை எந்நேரம் விமானம் புறப்பட்டாலும் சரி, வியாழக்கிழமை காலையில் எடுத்த பரிசோதனையும் செல்லும். துபாய் மணிக்கணக்குப் பார்த்தது. அமெரிக்கா நாட்கணக்குப் பார்த்தது. கனடா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2021 செப்டம்பர் கடைசியில் இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை மறுபடி அனுமதித்தபோது, டில்லி விமான நிலையத்தில் உள்ள குறிப்பிட்ட ஒரே பரிசோதனைக் கூடத்தில், புறப்படுவதற்குப் பதினெட்டு மணி நேரத்துக்குள் எடுத்த சீட்டுத்தான் வேண்டும் என்றது. அந்த விமானத்தில் டொராண்டோ போய்ப் படிக்க நினைத்த கோயமுத்தூர்ப் பையன் இங்கே எத்தனை ரிப்போர்ட் வாங்கினாலும் பயனில்லை. மூக்கை டில்லிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

“ரெண்டு ஊசியும் போட்டாச்சே, அப்புறம் என்னத்துக்கு?” என்று பெரியம்மா கேட்டார். ஊசி வேறு, பரிசோதனை வேறு. ஊசி போட்டவருக்கு நோய் பெரும்பாலும் கடுமையாகாது. ஆனால் தொற்றவே தொற்றாது என்று சொல்ல முடியாதே.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு மகன் காரை எடுத்தார். வாளையாறு தாண்டும்போது தமக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்களிடம் பரிசோதனைச் சீட்டோ இரண்டு ஊசி போட்ட சான்றிதழோ கேட்டு வந்தார்கள். தாயாரை விமானம் ஏற்றிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பவும் தஸ்தாவேஜு! பாலக்காட்டுக்குப் போய்ப் புடவை எடுத்துவிட்டு, சாயங்காலம் காபிக்கு வீடு திரும்பிய காலமெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்.

நெடும்பாசேரியை ஒன்பது மணிக்கே அடைந்துவிட்டார்கள். ஆனால் பத்தரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விமானம் கிளம்புவதற்கு ஆறு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே ‘ராபிட் பி.சி.ஆர்.’ என்ற துரிதப் பரிசோதனை வேறு செய்துகொள்ள வேண்டும். முன்கூட்டிச் செய்தால் செல்லாது. அரை மணியில் முடிவு வந்துவிடும்.

வந்தது. பாசிடிவ்.

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லையாம். “மத்தியானந்தானுங்க இல்லைன்னு சீட்டு குடுத்தாங்க” என்று கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரே பையில் இரண்டு சீட்டு. ஒன்று இல்லை என்கிறது; மற்றொன்று உண்டு என்கிறது.

எது பொய்? என் அபிப்பிராயத்தில் இரண்டும் பொய்யல்ல. செப்டம்பர் மாத ஆரம்பத்தில் பெரியம்மாவுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. ரசத்தில் பெருங்காய வாசனையே தெரியவில்லை என்று அப்போது சொன்னார். கஷாயத்தோடு குணமாகிவிட்டது, பரிசோதனை செய்யவில்லை. கொரோனா வந்து குணமான பிறகும், உயிரற்ற கிருமியின் துணுக்குகள் மூக்கில் வாரக்கணக்கில் தங்கும். சோளம் அறுத்த காட்டில் கட்டை நிற்கிற மாதிரி. பயிர் இல்லை, ஆனால் பயிர் இருந்த அடையாளம் இருக்கிறது. பி.சி.ஆர். பரிசோதனை அந்தக் கட்டையையும் கண்டுபிடித்துவிடும். துணுக்குகள் மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு குச்சியில் ஒட்டும், இன்னொரு குச்சியில் ஒட்டாது. இப்படித் தகராறு வரும் என்று தெரிந்துதான் அமெரிக்கா, தொண்ணூறு நாளுக்குள் நோய் வந்து குணமானவர்களிடம் பழைய பாசிடிவ் ரிப்போர்ட்டையும் டாக்டர் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. துபாயில் அந்தச் சலுகை இல்லை. இருந்திருந்தாலும், செப்டம்பரில் பரிசோதனை செய்யாத பெரியம்மாவிடம் காட்டுவதற்குப் பழைய ரிப்போர்ட் ஏது? புதிய தொற்றாகவே இருந்திருக்கவும் கூடும். நடுராத்திரியில் விமான நிலையத்தில் அதை யார் பிரித்துச் சொல்வார்கள்?

பெட்டி ஏறவில்லை. பெரியம்மாவும் ஏறவில்லை. ஆலுவாயில் மகனுக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் மாடி அறை கொடுத்தார். மாடியில் தாய், கீழே மகன், சாப்பாடு படிக்கட்டில். நாலாம் நாள் இரவு துபாயில் பெண் குழந்தை பிறந்தது. பாட்டி போனில் பார்த்தார். “மூக்கு மட்டும் என்ற ஆத்தா மாதிரி” என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்றிரவு சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை.

இந்தச் சீட்டு விவகாரம் நம் பக்கத்துக்கு முற்றிலும் புதிதல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றி, மைசூர்ப் பக்கமாகப் பரவியபோது, சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சீட்டைக் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் தினந்தோறும் அதிகாரி முன் வந்து நிற்கச் சொன்னார்கள். கோயமுத்தூரையும் பிளேக் விட்டுவைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரும்பத் திரும்ப வந்தது. நகரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. வியாதியின் பெயரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிட்ட ஊர் இது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழை ஜனங்கள் பட்ட பாடு இன்னும் அதிகம். கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் அவர்களை நாட்கணக்கில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். அப்போது மூக்கில் விடுகிற குச்சி இல்லை. ஆகவே காலத்தையே பரிசோதனையாக வைத்தார்கள். நோய் இருந்தால் இத்தனை நாளில் தெரிந்துவிடும் என்பது கணக்கு. குச்சி செய்த உபகாரம், அந்த நாட்களை மணிகளாகச் சுருக்கியதுதான்.

கொரோனாச் சீட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. துபாய் 2022 பிப்ரவரியில் விமான நிலையத் துரிதப் பரிசோதனையைக் கைவிட்டது. அமெரிக்கா அந்த வருஷம் ஜூன் 12-ல் பரிசோதனையை நிறுத்தியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ல் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. ஆனால் எல்லாச் சீட்டும் போய்விட்டதென்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரிலிருந்து பனியன் வியாபாரமாக ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களில் பலருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியும் அதற்கான மஞ்சள் அட்டையும் இன்றும் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும். அப்புறம் ஆயுள் முழுவதும் செல்லும். அட்டை இல்லாமல் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் நம் சர்க்காரே ஆறு நாள் தனியே வைத்துவிடும். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நம் ஊரில் ஏராளம். காய்ச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால்தான் இத்தனை கண்டிப்பு. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். ஹஜ், உம்ரா யாத்திரை போகிறவர்களிடம் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை சவூதி அரேபியா கேட்கிறது. டிக்கெட் எடுக்கிற அன்றே இவற்றையும் விசாரித்துவிடுவது உத்தமம். வழியில் விமானம் மாறுகிற தேசத்துக்குத் தனி விதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் கோட்டை விடுகிற இடம் அது.

பெரியம்மா மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். இந்தத் தடவை சளி எடுத்த பெண்ணிடமே பேனா வாங்கி, எடுத்த நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். விமான நிலையத்தில் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பெயரைக் கூப்பிட்டு ‘நெகடிவ்’ என்று சொன்னதும், ‘நல்லாப் பாத்தீங்களாங்க?’ என்று கேட்டிருக்கிறார். துபாயில் இறங்கியதும் மூக்கில் இன்னொரு குச்சி. அதுவும் நெகடிவ்.

குழந்தைக்கு அப்போது பதினெட்டு நாள். லேகியம் கெட்டுப்போகவில்லை.