தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்பில் செய்முறைக் கற்றலும் தமிழும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003ஆம் ஆண்டு முதல் படிப்படியாக ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. அதன் பயனாகத் தமிழ் மீண்டும் அறிவியல் வகுப்பின் பயிற்றுமொழியாயிற்று. கலைச்சொற்களைத் தமிழில் தருவதோடு அப்பணி நிறைவடைந்துவிடுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

ஆண்டு மூன்று மாணவர்களுக்கு மிதத்தல், மூழ்குதல் பற்றி ஒருநாள் நடத்தும் பாடத்தைச் சான்றாகக் கொள்வோம். தேவையானவை ஒரு வாளி நீர், ஓர் ஆரஞ்சுப் பழம், ஒரு தராசு ஆகியவையே. கனமான பொருள் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும் என்பது மாணவர் பலரின் எண்ணம். அம்முன் அனுமானத்தை முதலில் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். தோலுடன் இட்ட பழம் மிதக்கும். தோலுரித்த பின் நிறுத்துப் பார்த்தால் அதன் எடை குறைந்திருக்கும். எனினும் அது மூழ்கிவிடும். எழுதிவைத்த கருத்து மாணவர் கண்முன்னே பொய்த்துப்போகிறது.

இந்நிலையில் ‘அடர்த்தி’ என்னும் சொல்லைக் கூறிப் பாடத்தை முடித்துவிட ஆசிரியருக்குத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்தால் மாணவர் சொல்லைப் பெறுவர், காரணத்தை இழப்பர். மாறாக, உரித்த தோலைத் தனியே நீரில் இடச் செய்தால் அது மிதப்பதை உற்றறிவர். “தோலுக்குள்ள காத்து இருக்கு டீச்சர், அதான் மிதக்குது” என ஒரு மாணவர் பேச்சுத்தமிழில் கூறக்கூடும். அக்கூற்றில் உள்ள ஊகம் சரியானது. தோலின் உட்புற வெண்பகுதி காற்றறைகள் நிறைந்தது. தோல் நீங்கும்போது பழத்தின் எடை குறைவதைவிட அதன் கனஅளவு மிகுதியாகக் குறைகிறது. எஞ்சிய சதைப்பகுதி நீரைவிட அடர்த்தி மிக்கது.

அம்மாணவரின் பேச்சுவழக்கை உடனே திருத்த முற்பட்டால் சிந்தனை தடைப்படும். முதலில் காரணத்தை ஏற்று, பின்னர் வகுப்பினர் அனைவரும் சேர்ந்து அதனை எழுத்துத்தமிழில் ஒரு வாக்கியமாக அமைக்கலாம். ‘அடர்த்தி’ என்னும் சொல் அவ்வாக்கியத்திற்குத் தேவைப்படும்போது வந்தால் போதும்.

ஆகவே, செய்முறைக் கற்றல் கைகளுக்கு மட்டுமே உரிய பயிற்சியன்று. காரணம் கூறும் மொழிப்பயிற்சியும் ஆகும். மாணவர் தம் ஐயத்தையும் விளக்கத்தையும் தமிழில் கூறும்போதே தமிழ் உண்மையில் அறிவியல் மொழியாகிறது எனக் கருதுகிறோம்.