ஆரஞ்சுச் சுளையும் சிறுகுடலும்

ஒரு ஆரஞ்சுச் சுளை குடலை அடைத்துவிடுமா? அபூர்வமாக, அடைத்துவிடும்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே ஆரஞ்சும் விளைகிறது. மலையேறி வருகிறவர்கள் விரும்பி வாங்கும் பழம் அது. அதன் சாறு எளிதில் செரித்துவிடும். ஆனால் சுளையின் தோலும், அதில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரும் செரிப்பதில்லை. அந்த நாரைக் கரைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதே இல்லை.

வழக்கமாகப் பற்கள் அரைத்து, இரைப்பை கடைந்து, அந்தச் சக்கை பொடிப்பொடியாகி வெளியேறிவிடும். பல் இல்லாத முதியவர்கள் சுளையை மெல்லாமல் விழுங்கினால், அது முழுசாகவே உள்ளே போகும். இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அவர்களின் இரைப்பை, உணவை முன்போல நன்றாகக் கடைந்து அனுப்புவதில்லை. இப்படி இறங்கும் சக்கை ஒன்றுசேர்ந்து, சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் பந்து போலச் சிக்கிக்கொள்ளும். மருத்துவர்கள் இதை ‘பெசோர்’ என்கிறார்கள்.

விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்கும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, வயிற்று உப்புசம், காற்றுகூடப் பிரியாத நிலை ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள். இவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படும்.

இதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை. சுளையை நன்றாக மென்று தின்றால் போதும். மெல்ல முடியாத முதியவர்களுக்கு, சுளைத்தோலையும் நாரையும் கொட்டையையும் நீக்கிச் சதையை மட்டும் கொடுக்கலாம். சாறு பிழிந்தும் கொடுக்கலாம்.